இரண்டு நூல்

தாராவியிலிருந்து ரயில் பாலத்தைத் தாண்டி மாட்டுங்கா பள்ளிக்கூடத்துக்கு என்னோடு நடந்து வந்தவர்கள் நீங்கள் நான்கு பேர். இப்போது ஒருத்தி செம்பூரில் இருக்கிறாள், ஒருத்தி மான்குர்த்தில். மற்ற இருவர் கல்யாணமாகி ஊர்ப்பக்கம் போய்விட்டீர்கள். நீங்கள் நால்வரும், நம் சந்தில் பிறந்து எழுத்துக் கற்ற மற்றவர்களும் இதை வாசிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நமக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் ஆகிறது. பழையதைத் திரும்பிப் பார்க்கும் வயதல்ல. ஆனாலும் ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முந்திய மூன்று மாதங்களைப் பற்றி நான் இப்போதே எழுதியாக வேண்டும். அப்போது நம் சந்தில் ஒரு பந்தய மோட்டார்சைக்கிள் உருவானது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதை உருவாக்கியவர்களில் ஒருவரைப் பற்றி நம் சந்து இன்றுவரை ஒரு கதை சொல்கிறது. அந்தக் கதை தவறு.

வண்டி குர்லாவிலிருந்து கைவண்டியில் வந்தது. வண்டியாக வரவில்லை. சட்டம் தனியாக, சக்கரங்கள் தனியாக, இஞ்சின் ஒரு சாக்குக்குள். யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஓட்டியதாம். துருவைச் சுரண்டினால் அடியில் பச்சை வண்ணம் வந்தது. அப்பா மாட்டுங்காவில் ஒரு கராஜில் ஃபிட்டர். ஊராருடைய வண்டிகளுக்கு உயிர் கொடுத்துக் கொடுத்து, தனக்கென்று ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஓட்டுவதற்குச் சித்தப்பா இருந்தார். தாதருக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே சினிமாக் கொட்டகைகளுக்குப் படப் பெட்டிகளை மோட்டார்சைக்கிளில் கொண்டுபோகிற வேலை அவருக்கு. ஒரு கொட்டகையில் ஒரு ரீல் ஓடி முடிவதற்குள் அடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பிந்தினால் ஜனங்கள் நாற்காலியை உடைப்பார்கள். அதனால் அவருக்கு மெதுவாகப் போகத் தெரியாது. ஜூஹூ பக்கம் விமான ஓடுதளத்தில் ஞாயிற்றுக்கிழமை பந்தயங்கள் நடக்கும். பழைய வண்டிகளுக்கென்று தனி ஓட்டம் உண்டு, யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டு வந்தவரும் அவர்தான்.

மூன்றாவது ஆள் எங்கள் எதிர்வீட்டுக்காரர். அவருடைய கொட்டகையில் ஒரு லேத்து இயந்திரம் இருந்ததால் சந்துக் குழந்தைகளுக்கெல்லாம் அவர் லேத்து மாமா. கிடைக்காத சாமானையெல்லாம் இரும்பிலிருந்து கடைந்து எடுத்துவிடுவார். அவர் இயந்திரத்தைப் போட்டால் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய சாமி படம் மெல்ல ஆடும். வெட்டப்படும் இரும்பின் மேல் எண்ணெய் கருகுகிற வாசனை, தோல் கிடங்கிலிருந்து வரும் நாற்றத்தைக்கூடக் கொஞ்ச நேரம் மறைத்துவிடும்.

சாக்கோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது. அதற்குள் அட்டை போன ஒரு புத்தகம். இந்த வண்டியை எப்படிப் பிரிப்பது, எப்படிக் கோப்பது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மூன்று ஆண்களும் அதை மாறி மாறிப் புரட்டிப் படங்களைப் பார்த்தார்கள். அவர்களில் யாருக்கும் எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது.

"எம்மவ வாசிப்பா," என்றார் அப்பா.

அந்த நேரம் வீட்டில் என் படிப்பைப் பற்றித்தான் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஏழோடு நிறுத்த வேண்டும் என்று அம்மா. மாட்டுங்கா வீட்டுப் பெண்களோடு சேர்ந்து எனக்குத் திமிர் ஏறிவிட்டது என்று சித்தப்பா. திமிர் ஏறியிருந்தது உண்மைதான். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அதை நான் யாரையும் மறக்க விட்டதில்லை.

"என்னத்தப் படிச்சு என்னத்துக்கு ஆவுது?" என்று சித்தப்பா அன்றும் ஆரம்பித்தார். "வடை சுடதுக்கு இங்கிலீஷ் எதுக்கு?"

அப்பா புத்தகத்தை என் கையில் வைத்தார். "இவ வாசிக்கட்டும். நாம அதும்படி கோப்போம். வண்டி பந்தயத்துல கடைசி வரைக்கும் ஓடி முடிச்சுதுன்னா இவ எட்டாப்பு போவா. நடுவுல நின்னுதுன்னா நீங்க சொல்லுதபடி நிப்பாட்டிருதேன்."

சித்தப்பா சிரித்துக்கொண்டே, "சரி, எழுதி வாங்கிக்கிடட்டுமா?" என்றார். "யாரு வாசிக்க?" என்று லேத்து மாமா கேட்டதும் அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

அப்படித்தான் என் எட்டாம் வகுப்பு ஒரு இஞ்சினுக்குள் போய் உட்கார்ந்தது.

பள்ளி விட்டு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கவிழ்த்த மண்ணெண்ணெய் டின்மேல் உட்காருவேன். புத்தகம் திறந்திருக்கும்போது யாரும் பீடி பிடிக்கக் கூடாது என்று அப்பா சட்டம் போட்டிருந்தார். நான் ஒரு வரியை மனதுக்குள் வாசித்துத் தமிழில் சொல்வேன். அவர்கள் செய்வார்கள். உள்ளதைச் சொல்கிறேன், நாலு வார்த்தையில் ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. படத்தையும் அவர்கள் முகத்தையும் பார்த்து ஒப்பேற்றினேன். பெரும்பாலும் நான் பாதி சொல்வதற்குள் லேத்து மாமா, "ம், தெரியும், அடுத்தது," என்பார். புத்தகம் இல்லாமலே அவர் அந்த இஞ்சினைக் கோத்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அப்பாதான் விடவில்லை. புத்தகத்தில் வராத ஒரு திருகைக்கூடத் தொட அனுமதிக்கவில்லை.

இஞ்சின் முடியும் தறுவாயில், அடியில் எண்ணெயின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு திருகு மூடி வந்தது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதைப் பற்றி ஒரே ஒரு வரி. எல்லா வார்த்தைகளும் எனக்குத் தெரிந்த வரி. அதனால் சத்தமாகச் சொன்னேன்.

"மூடியை முழுசா உள்ளே முறுக்கணும். அப்புறம் ரெண்டு நூல் வெளியே எடுத்து, மேல் நட்டைப் பூட்டணும்."

லேத்து மாமா மூடியை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து வைத்து அளந்தார்.

"ரெண்டு நூலா? ஒரு இஞ்சுக்கு எட்டு நூலு. ரெண்டு நூல்னா கால் இஞ்சுல்லா. இதுல மொத்தத் தெரடே மூணு நூல் நீளத்துக்குத்தான் வெட்டியிருக்கு. கால் இஞ்ச வெளிய எடுத்தா நுனியில தொத்திக்கிட்டுல்லா நிக்கும்?"

தெரடு என்று பட்டறையில் அவர்கள் சொன்னது, திருகைச் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும் வரியை. அதை நான் பம்பாய் இந்தி என்று நினைத்திருந்தேன். புத்தகத்தில் இருந்தது 'டூ த்ரெட்ஸ்'. த்ரெட் என்றால் நூல் என்று தையல் வகுப்பில் டீச்சர் ஊசியில் கோத்துக் காட்டியே சொல்லித் தந்திருந்தாள். அந்த த்ரெட்தான் மாமாவின் வாயில் தெரடு ஆகியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வரி என்றிருந்ததை நான் இரண்டு நூல் என்றேன். தச்சரும் கொத்தனாரும் லேத்துக்காரரும் நூல் என்றால் அளவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்த மூடியில் வரிகள் நெருக்கமாக இருந்ததால் அளவு மூன்று மடங்காகிவிட்டது.

"மாப்ள, இது களண்டு விழுந்துதுன்னா ஆயில் பூரா பின் டயர்ல அடிக்கும்," என்றார் மாமா அப்பாவிடம். "அந்த வேகத்துல டயர் வழுக்குனா ஆளு மிஞ்ச மாட்டான். ஏ பிள்ள, இங்கிலீஷ்ல என்ன வார்த்தை போட்டிருக்கு? அதை அப்படியே வாசி பாப்பம்."

அப்படியே வாசித்திருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். அவர் நாள் முழுதும் சொல்கிற வார்த்தை அது. ஆனால் அவர் என்னைச் சந்தேகப்படுகிறார் என்று மட்டும்தான் எனக்குப் பட்டது.

"வாசிச்சா உங்களுக்குப் புரியுமா மாமா?" என்றேன்.

சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அவர் சிரிப்பில் இருந்த பெருமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாமா சிரிக்கவில்லை. வெளியே போய் ஒரு பீடியை முழுதாகப் பிடித்துவிட்டு வந்தார்.

"சரி. புஸ்தகம் சொல்லுது," என்று சொல்லி, ஸ்கேலை வைத்துச் சரியாகக் கால் இஞ்சு வெளியே எடுத்துப் பூட்டினார்.

அடுத்த இரண்டு வாரமும் அவர் நிம்மதியாக இல்லை. மாஹிம் ரோட்டில் ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் குனிந்து அந்த மூடியைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்ப்பார். விரலில் எண்ணெய் இருக்கும். உள்ளே முறுக்கட்டுமா என்று கேட்பார். "புஸ்தகப்படி வச்சதத் தொடாதீரும்," என்பார் அப்பா. மூன்றாவது தடவை வார்த்தை முற்றிவிட்டது. "எம்மவ படிப்ப நீரு சோதிக்கீரோ?" என்று அப்பா கேட்டார். பந்தயத்துக்கு மாமா வந்தது, தன் கையால் செய்த வண்டி என்பதற்காக மட்டும்தான். லாரியில் அப்பாவுக்கு எதிர்முனையில் உட்கார்ந்து வந்தார்.

ஓடுதளத்தில் கடல் காற்று தார்ப்பாயை அடித்துக்கொண்டிருந்தது. பந்தய வண்டிகளுக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றுவார்களாம். அது எரிகிற வாசனையில் எனக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றும் விளக்கெண்ணெய்தான் ஞாபகம் வந்தது. புத்தகத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அப்பா சொல்லித்தான் எடுத்து வந்தேன். போகிற வருகிறவர்களிடமெல்லாம் அவர், "இங்கிலீஷ் புஸ்தகம். எம்மவ வாசிச்சுச் சொல்லித்தான் கோத்தோம்," என்றார். இந்திக்காரர்களிடமும் தமிழில்தான் சொன்னார்.

சித்தப்பா இரண்டு சுற்று ஒத்திகை போய் வந்தார். வண்டியின் அடியில் தரையில் காசு அளவுக்கு எண்ணெய் சொட்டியது. மாமா பார்த்தார். அப்பாவும் பார்த்தார். அப்பா கந்தலால் துடைத்தார். சித்தப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்படும் கோட்டுக்குப் போனார்.

பக்கத்துத் தார்ப்பாயின் கீழ் ஒரு பார்சிக் கிழவர், தன் ஆள் மேல் கத்திக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு போல்ட் இருந்தது. அதன் மேல் சுற்றித் தேய்ந்துபோயிருந்த வரிகளில் நகத்தை வைத்து இழுத்துக் காட்டினார். "த்ரெட் கயா, தேக். யே த்ரெட், யே த்ரெட், பஸ், காலி." ஒவ்வொரு வரிக்கும் ஒரு த்ரெட் சொன்னார். அவர் ஆங்கிலம் படித்தவர். எங்கள் டீச்சர் சொன்ன மாதிரியே சொன்னார்.

துணியைப் பிரித்துப் பக்கத்தைத் தேடினேன். டூ த்ரெட்ஸ். பக்கத்தில் படமும் இருந்தது. மூடி, அதைச் சுற்றி வரிகள். அத்தனை நாளும் அந்தப் படம் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

சொன்னால் என் படிப்பின் லட்சணம் வெளியே வந்துவிடும், எட்டாம் வகுப்பு இல்லை. சொல்லாவிட்டால் எண்ணெய் பின் டயருக்குப் போகும். நான் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன் என்பதை மறைக்க மாட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கோட்டில் வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கிய பிறகுதான் ஓடினேன்.

அப்பாவைத் தாண்டி மாமாவிடம் ஓடினேன். அவர் ஒரு டிரம்மின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"மாமா, டூ த்ரெட்ஸ்னு போட்டிருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "தெரடா?"

"தெரடுதான். நான்தான் நூல்னு சொல்லிட்டேன்."

அவர் திட்டவில்லை. அருகே கிடந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நடந்தார். நடை பிறகு ஓட்டமானது. ஒரு கொடிக்காரன் கையை விரித்து மறித்தான். அவனைச் சுற்றிக்கொண்டு போய், ஒன்பது வண்டிகள் நின்ற வரிசையில் எங்கள் வண்டியின் பக்கத்தில் முழங்காலிட்டார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேல் நட்டைத் தளர்த்தி மூடியை உள்ளே முறுக்கத் தொடங்கினார். சித்தப்பா குனிந்து என்னவோ கத்தினார். கொடி இறங்கியது. எட்டு வண்டிகள் போய்விட்டன. வெள்ளைப் புகைக்கு நடுவில் எங்கள் வண்டி மட்டும் நின்றது, அதன் அடியில் மாமா. நான் எண்ணினேன். பதினான்கு எண்ணியபோது அவர் எழுந்து டாங்கியைத் தட்டினார். சித்தப்பா பறந்தார்.

ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வண்டி எங்களைக் கடக்கும்போது நான் பின் டயரை மட்டும் பார்த்தேன். உலர்ந்திருந்தது. இரண்டு வண்டிகள் வழியில் நின்றுபோயின. சித்தப்பா ஏழாவதாக, கடைசி ஆளாக, கோட்டைத் தாண்டினார். வண்டி ஓடி முடித்துவிட்டது.

அவர் இறங்கின வேகத்தில் மாமாவின் சட்டையைப் பிடித்தார். "யாரைக் கேட்டு ஓய் லைன்ல வந்து நின்னீரு? மூணு மாசம். மூணு மாசமா நாய் மாதிரி உழைச்சு, கொடி விழுதப்போ காலப் பிடிச்சு இழுக்கீரு?"

"பிடிக்கலன்னா நீ இப்ப இங்கன நிக்க மாட்ட," என்றார் மாமா. அவர் வலது உள்ளங்கை வெந்து வெளுத்திருந்தது. "பிள்ளைட்ட கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்சிக் கிழவர்கூடப் பார்த்தார். அப்பா என் பின்னால் வந்து தோளில் கையை வைத்தார். விரல்கள் எலும்பில் பதிந்தன.

"ஏட்டி, நீ இவருட்ட ஏதாவது சொன்னியா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றேன்.

மாமா சட்டையை உதறி விடுவித்துக்கொண்டார். லாரிக்கு வரவில்லை. அந்தேரி ஸ்டேஷன் வரை நடந்தே போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நம் வீடுகளில் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை அது. எதிர்வீட்டுக்காரன் பொறாமையில் பந்தயத்தைக் கெடுத்தான். 'லைன்ல நின்ன கை' என்று அவருக்குப் பெயரே வைத்தார்கள். அந்தக் கையில் யாரும் வேலை கொடுக்கவில்லை. நாங்கள் முழுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் ஒரு லாரி வந்து லேத்து இயந்திரத்தை ஏற்றிப்போனது. சாமி படம் ஆடுவது நின்றது. அவர் விக்ரோலியில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டார். நான் எட்டாம் வகுப்புக்குப் போனேன். பிறகு மெட்ரிக் வரைக்கும். இன்று பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு ஆபீஸில், ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் வேலையில் இருக்கிறேன்.

அந்தத் தோள் பிடியை நான் மிரட்டல் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். மகளுடைய படிப்பில் தவறு வராது என்று கண்மூடி நம்பிய ஒரு மனிதரின் பிடி என்று. போன வருஷம் அப்பா இறந்தபோது லேத்து மாமா வந்தார். நீங்கள் சிலர் அங்கே இருந்தீர்கள். அவர் கோடித் துணியோடு சந்து முனையில் நின்றார். "அந்தக் கை எங்க அண்ணன்மேல படக்கூடாது," என்றார் சித்தப்பா. மாமா துணியை மடித்து இடுக்கிக்கொண்டு திரும்பிப் போனார். நான் வாசலில்தான் நின்றேன். அன்றும் வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வயதில், மாதச் சம்பளம் வாங்கும் பெண், அப்பா போன நாளில் எதற்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் விக்ரோலிக்குப் போனேன். அவர் மனைவி உள்ளே கூப்பிடவில்லை, ஆனால் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வெளியே போட்டாள். மாமா நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"இதெல்லாம் உங்கப்பன் மறுநாள் காலையிலேயே வந்து சொல்லிட்டான்," என்றார். "'மச்சான், அவ தோளு நடுங்குச்சு, எனக்கு அங்கனயே வெளங்கிட்டு. அவ ஆமான்னு சொல்லிறக் கூடாதுன்னுதான் பிடிச்சு அமுக்குனேன். எட்டாப்புல சேந்துரட்டும், நானே எல்லார்ட்டயும் சொல்லிருதேன்'னான்."

"சொல்லவே இல்லையே மாமா."

"எட்டு முடிஞ்சா ஒம்பது வந்துச்சு. ஒம்பது முடிஞ்சா பத்து. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவான். இந்த ஸ்டூல்லதான் உக்காருவான். தீவாளி கழியட்டும்பான், பரீட்சை கழியட்டும்பான்."

"நீங்க சரின்னு சொன்னீங்களா?"

"நான் எங்க சரின்னேன்? வெளிய போலேன்னேன். அவன் போனாத்தானே." தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "படிப்பு நல்லதுதான். எம்பேரு போயித்தான் அது வரணுமான்னு ஒரு கேள்வி இருக்குல்லா. அவங்கிட்ட அத நூறு தடவ கேட்டேன். ஒனக்கு இப்பத்தான் பஸ்ஸு கெடச்சுதாக்கும்."

மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட வந்து சொல்லி என்னத்துக்கு?" என்றார். "எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போயிச் சொல்லு."

அதனால்தான் இது. யாருடைய பெயரும் போடாமல் எழுதியிருக்கிறேன். லேத்து என்று சொன்னாலே நம் சந்துக்காரர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். புத்தகத்தைத் தவறாகச் சொன்னது நான். கேட்ட வார்த்தையை வாசித்துக் காட்டாமல் அவரைச் சிறுமைப்படுத்தியது நான். கொடி விழும் நேரத்தில் ஒரு மனிதனைக் காப்பாற்றியது அவர். உங்கள் வீடுகளில் வாசிக்கத் தெரியாத அப்பாமார், மாமன்மார் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

நான் முதலில் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நேற்று, அவர் கொட்டகைக்குப் புறப்படும் முன். கட்டிலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடியே கேட்டார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். ஓடுதளத்தில் மாமா முழங்காலிட்ட இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"கை வெந்ததுன்னு போட்டிருக்கியே, அது இஞ்சின் சூட்டுல மட்டும் இல்ல," என்றார். "சுடும்போதெல்லாம் அவரு கைய எடுத்து எடுத்துத்தான் முறுக்குனாரு. நான்தான் பூட்ஸால அந்தக் கைய சைலன்சரோட சேத்து மிதிச்சேன். அப்பவும் அவரு விடல."

சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர், திரும்பி நின்றார்.

"அதையும் எழுதிரு."